லுசாரியில் ரோக்லிச்சின் செயின் கழன்றது ஏன்?

மேட்டுமிதி: 2023 ஜிரோ டி இத்தாலியா சைக்கிள் பந்தயம், 20-ஆவது கட்டம், லுசாரி மலை ஏற்றம்; ஒவ்வொருவரும் தனியாக நேரத்தோடு போட்டியிடும் கட்டம். ஸ்லோவேனிய வீரர் ரோக்லிச் வண்டியில் முன்னால் ஒரே பல்சக்கரம்தானே? அப்புறம் எப்படிச் செயின் கழன்றது?

கிராங்க்: முன் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) இல்லாததும் ஒரு காரணம். கியர் மாற்றுவதோடு, அதன் கூண்டு செயினைத் தடுத்தும் நிறுத்தும். ஒற்றைச் சக்கரத்தில் பிடிப்பு என்றால் அகலமும் ஒடுக்கமுமாக மாறிமாறி வரும் பற்களும், செயினைத் தொய்யவிடாத பின் டீரெய்லர் கிளட்சும்தான். செயின் சாய்ந்து ஓடும்போது ரோட்டில் ஒரு குலுக்கல் போதும். செயினை விலகாமல் தடுக்கும் சின்ன செயின் கைடு போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். சில கிராமுக்குக் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

நொடிக்கணக்கு: அதற்காக அந்த செட்டப்பே தப்பில்லை. முன்னால் 42 பல், பின்னால் 10 முதல் 44 பல் வரை. கடைசி 7 கி.மீ. சராசரி 12 சதவீத ஏற்றம்; 42-44 என்றால் மிதி ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றாது. அங்கே அதுதான் வேண்டும். இறங்கிக் கையாலேயே மாட்டினார். மொத்த நேரத்தில் முன்னிலையில் இருந்த தாமஸுக்கு 26 நொடி பின்தங்கித் தொடங்கியவர், ஜிரோவை அவரைவிட 14 நொடி முன்னிலையில் வென்றார்.

கிராங்க்: இத்தனைக்கும் ரோக்லிச் முதலில் ஸ்கீ ஜம்பர் (பனிச்சறுக்கில் தாவும் வீரர்). 2007-இல் ஜூனியர் உலக அணிப் பட்டம். 2013-இல்தான் அட்ரியா மொபில் சைக்கிள் அணி. ஸ்பெயினின் பெரிய பந்தயமான வுவெல்டாவை மட்டும் நாலு தடவை வென்றிருக்கிறார்!