இலோங்கோ பேசுற ஆளுங்களோட பழகின அனுபவம்

கப்பல்ல இருக்கறவங்களுக்கு பிலிப்பினோ க்ரூ ஒண்ணும் புதுசில்ல, ஆனா அவங்க எல்லாருக்கும் ஒரே மொழின்னுதான் நானும் ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். என்னோட முதல் சரக்குக் கப்பல் ஒரு பல்க் கேரியர், அதுல போசன், அதாவது டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரி, பிலிப்பைன்ஸ்ல இலோயிலோங்கற ஊர்க்காரர், ஃபிட்டரும் மெஸ்மேனும் நீக்ரோஸ் தீவுல பாகோலோட் பக்கம். மூணு பேரும் ஒண்ணா உக்காந்தா மனிலா பக்கம் பேசுற தகாலோக் வாயில வராது, இலோங்கோதான், புக்குல அத ஹிலிகாய்னோன்னு எழுதுவாங்க. மனிலாக்காரர் ஒருத்தர் அத வெறும் டயலெக்ட்னு சொன்னப்போ போசன் முகமே வாடிருச்சு, எனக்கும் சுருக்குன்னு இருந்துச்சு. இலோயிலோ, பாகோலோட் மட்டுமில்ல, தெக்க மிண்டனாவ் தீவுல குடியேறின ஜனங்க வரைக்கும் பேசுற மொழி அது.

போசன மனோங்னுதான் கூப்பிடுவேன், நம்ம அண்ணே மாதிரி. ஒருநாள் மெஸ்ஸுல என்னப் பாத்து "காஓன் தா"ன்னார். தான்னு காதுல விழுந்ததும் ஏதோ கேக்குறாரோன்னு நெனச்சேன், அப்புறம் பாத்தா "வா, நாம சாப்டலாம்"னு கூப்பிட்டிருக்கார். அந்த தா, கிதாங்கறதோட சுருக்கம், எதிர்ல நிக்கிறவனையும் சேத்துக்கற நாம. அவன விட்டுட்டு சொன்னா காமி, அதாவது நாங்க. இங்கிலீஷ்ல வீன்னு சொன்னா நாம அதுல உண்டா இல்லையான்னே தெரியாது, தமிழ்ல இருக்கற அதே வித்தியாசம் அவ்ளோ தூரத்துல இருக்கற மொழியிலயும் இருக்குன்னு தெரிஞ்சப்போ எனக்கு புல்லரிச்சிருச்சு.

ராகம்தான் இன்னும் காதுலயே இருக்கு. இலோங்கோக்காரங்க திட்டினாலும் கொஞ்சுற மாதிரி இருக்கும்னு மத்த பிலிப்பினோக்களே சொல்வாங்க. போர்ட்ல சிக்னல் கெடச்சதும் மனோங் மகளுக்கு வீடியோ கால் போடுவார், "இந்தாய், பலங்கா தா கா"ம்பார், அந்த பலங்காவுல அன்பும் செல்லமும் சேந்தே இருக்கும். கிரீஸ் கையோட ஃபோன ரெண்டு விரல்ல பிடிச்சுக்கிட்டு அவர் அத இழுத்து சொல்றது இப்பவும் கண்ணுல நிக்குது.

2012ல பிலிப்பைன்ஸ் ஸ்கூல்ல சின்ன கிளாசுக்கு தாய்மொழியிலயே பாடம்னு கொண்டு வந்தாங்க, அதுல ஹிலிகாய்னோனும் இருந்துச்சு. 2024ல புது சட்டம் போட்டு திரும்பவும் தேசிய மொழியான பிலிப்பினோ, இங்கிலீஷ்னு மாத்திட்டாங்க. அந்த நியூஸ் படிச்சப்போ மனோங்கோட பொண்ணு ஞாபகம்தான் வந்துச்சு.

நான் வேலை முடிஞ்சு சைன் ஆஃப் ஆகி இறங்கறப்போ மனோங் கப்பல் படி, அதான் கேங்வே வரைக்கும் வந்து பேக்க தூக்கிக் குடுத்துட்டு "ஹாலோங்"னார், பத்திரமா போன்னு அர்த்தம்.

—

அண்ணா, நான் மிண்டனாவ்ல இருக்கற டாவோல மெடிசின் படிச்சேன், அங்க பேசுறது செபுவானோங்கற வேற மொழி, ஊர்க்காரங்க அத பிசாயான்னு சொல்வாங்க. கிளாஸ் எல்லாம் இங்கிலீஷ், ஆனா வார்டுக்குள்ள போனா பிசாயா இல்லாம ஒண்ணும் நடக்காது. வயசான அம்மாங்கள நானாய்னு கூப்பிடணும், பேச்சுல அது சுருங்கி நாய்னு ஆயிரும், பெரியவங்கள அப்படி கூப்பிட எனக்கு ஒரு மாசம் நாக்கே எழும்பல. நெஞ்சப் பிடிச்சிட்டு ஒரு பாட்டி யார்கிட்டயும் பேசாம படுத்திருந்தாங்க, கிட்ட போய் "அசா ஆங் சகித், நாய்?"னு, எங்கம்மா வலிக்குதுன்னு கேட்டேன். என் கையப் பிடிச்சு வலிக்கிற எடத்துல அவங்களே வச்சாங்க.