பழ ஈயின் புழுவுக்குச் சிவப்பு ஒளி: நினைவாற்றல் சோதனை தேவையா?

மண்டபம் ஆசிரியை:
ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கியதும் பதினோராம் வகுப்பு மாணவர்களுடன் ஒரு சோதனை செய்ய எண்ணியிருக்கிறேன். பனம்பழத்தில் மொய்க்கும் பழ ஈக்களைப் பிடித்து, ஒரே தாய் ஈயின் சந்ததியாக வளர்த்து, அவற்றின் புழுக்களுக்கு நாள்தோறும் சிறிது நேரம் 670 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பு ஒளி காட்டினால், கற்றதை அவை கூடுதல் நேரம் நினைவில் வைக்கின்றனவா என்பதே கேள்வி. ஒரு மணத்தைச் சர்க்கரை கலந்த அகர் (கடற்பாசிக் கூழ்) தட்டிலும் மற்றொரு மணத்தைச் சர்க்கரையில்லாத தட்டிலும் பழக்கிவிட்டு, இரண்டு மணங்களுக்கும் நடுவே புழுக்களை விட்டால், எந்தப் பக்கம் எத்தனை ஊர்ந்தன என்ற எண்ணிக்கையே நினைவின் அளவாகிவிடும். வளர்ந்த பழ ஈக்கு மணத்தைக் கற்பிக்க முடியும் என்று அமெரிக்க உயிரியலாளர் சீமோர் பென்சரின் ஆய்வகம் 1974-லேயே காட்டியது. சிவப்பைத் தேர்ந்ததற்குக் காரணம், ஈயின் கண்ணுக்கு அந்த நிறம் ஏறக்குறையத் தெரியாது என்பதுதான். பலன் தென்பட்டால், அது பார்வை வழியாக அன்றி, உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா வழியாக வந்ததென்று கருத இடமிருக்கும். இதே ஒளியால் முதிய ஈக்களின் நடமாட்டம் மேம்பட்டது என்று 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது.

கீழக்கரை மகன்:
ஆசிரியை அவர்கள் மீது மதிப்பு வைத்தே மறுக்கிறேன். என் உம்மாவுக்கு மறதி தொடங்கியபோது, ஒரு விற்பனையாளர் விலங்குகளில் பலன் தெரிந்துவிட்டது என்று சொல்லி, தலையில் மாட்டும் சிவப்பு விளக்குப் பட்டை ஒன்றை எங்களிடம் விற்றார். அதை நம்பி நரம்பியல் மருத்துவரைப் பார்க்க ஏழு மாதம் தாமதித்தோம். 2016-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், நொடிக்கு 40 முறை துடிக்கும் ஒளியால் சுண்டெலி மூளையில் அமிலாய்டு என்னும், மறதி நோயில் படியும் புரதம் குறைந்தது என்று அறிவித்தார்கள். 2023-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் புஜாகி குழு அதைச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாலூட்டியான சுண்டெலியிலேயே கருத்து வேறுபாடு தீராதபோது, பள்ளிக்கூடத்துப் புழுவை வைத்து யாருக்கு எதைச் சொல்லப் போகிறோம்?

தொண்டி ஆய்வு மாணவர்:
அண்ணன் சொல்லும் துயரம் உண்மையானது, ஆனால் அவர் இரண்டு வெவ்வேறு முறைகளை ஒன்றாக்குகிறார். 40 முறை துடிக்கும் ஒளி, கண் வழியாக மூளையின் மின்னலைகளை இசைவிக்க முயல்வது. ஆசிரியை கேட்பதோ துடிக்காத சிவப்பு ஒளி திசுவுக்குள் என்ன செய்கிறது என்பது. முன்னதன் தோல்வி பின்னதை வீழ்த்தாது.

எனக்கு ஆசிரியையின் சோதனை அமைப்பில்தான் குறை தெரிகிறது. விளக்கு ஒளியோடு வெப்பத்தையும் தருகிறது. 25 டிகிரியில் ஏறத்தாழ பத்து நாளில் முட்டையிலிருந்து ஈயாகும் இந்த உயிர், தொடர்ந்து 30 டிகிரியைத் தாண்டிய சூட்டில் ஆண்கள் மலடாகிப்போகும் அளவுக்கு மென்மையானது; நம் கரையோர வகுப்பறையின் வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஆகவே ஒப்பீட்டுப் புழுக்களையும் அதே விளக்கின் கீழே, அலுமினியத் தாள் சுற்றிய குப்பியில் வைத்து, இரண்டு குப்பிகளுக்குள்ளும் வெப்பமானி செருகிப் பார்க்க வேண்டும். அடுத்து, புழுக்களுக்கு ஏதோ ஒரு மணம் இயல்பிலேயே பிடித்திருக்கலாம் என்பதால், பாதிக் கூட்டத்துக்குச் சர்க்கரையை முதல் மணத்தோடும், மீதிக்கு இரண்டாம் மணத்தோடும் சேர்த்துப் பழக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளி பட்ட புழு வேகமாக ஊர்ந்தாலோ கூர்மையாக முகர்ந்தாலோ அதுவும் நல்ல நினைவைப் போலவே எண்ணிக்கையில் தோன்றும். எனவே பழக்காத புழுக்கள் மணத்தையும் சர்க்கரையையும் எப்படி நாடுகின்றன என்று தனியே அளக்காவிட்டால், நீங்கள் அளப்பது நினைவுதான் என்று சொல்ல முடியாது. எண்ணுகிற மாணவருக்கு எது ஒளி பட்ட குப்பி என்று தெரியக்கூடாது.

பாம்பன் கரையோரம்:
புழு எதற்கு? கடல் வற்றும்போது பாறைக் குட்டைகளில் கிடக்கும், தொட்டால் ஊதாச் சாயம் விடும் கடல் முயல் என்னும் நத்தையினத்தை வைத்துத்தானே நரம்பியல் அறிஞர் எரிக் காண்டெல் நினைவை ஆராய்ந்து 2000-இல் நோபல் பெற்றார்? நம் கரையின் உயிரையே எடுக்கலாம்.

மண்டபம் ஆசிரியை:
மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி அங்கிருந்து ஓர் உயிரைக்கூட மாணவர்கள் எடுப்பதை நான் ஏற்கமாட்டேன். மேலும், டேனியல் ஆல்கன் என்ற நரம்பியல் ஆய்வாளர் வேறொரு கடல் நத்தைக்கு ஒளியையும் சுழற்சியையும் இணைத்துப் பழக்கினார். அங்கே ஒளியே பாடம். பாடத்தையே மருந்தாகவும் கொடுத்தால் இரண்டையும் பிரிக்க வழியில்லை.

தொண்டித் தம்பி சொன்ன நான்கையும் ஏற்கிறேன். முகர்தலைத் தனியே அளக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றாமல் போனது. அதற்கு நேரம் ஒதுக்க, ஒளி காட்டும் நாட்களைக் குறைத்துக்கொள்கிறேன். கீழக்கரைச் சகோதரருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பலன் என்ற சொல் எவ்வளவு எளிதாகத் தவறாக எழக்கூடும் என்பதைப் பதினாறு வயதில் தன் கையால் எண்ணிப் பார்த்த பிள்ளை, நாளை அப்படியொரு விற்பனையாளரிடம் ஒப்பீட்டுக் குழு எங்கே என்று கேட்கும். அதனால் சோதனையைக் கைவிடமாட்டேன். சோதனைக்கு நான் வைத்திருந்த தலைப்பில் இருந்த 'ஒளிச் சிகிச்சை' என்பதை நீக்கி, 'சிவப்பு ஒளியும் புழுவின் மணத்தேர்வும்' என்று மாற்றியிருக்கிறேன்.

கீழக்கரை மகன்:
தலைப்பை மாற்றியது எனக்கு ஆறுதல். என் மறுப்பு முழுதாக நீங்கவில்லை. இரு குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை என்று வந்தாலும், அதையும் பள்ளி அறிவிப்புப் பலகையில் எண்களோடு எழுதிவைப்பீர்களா?

மண்டபம் ஆசிரியை:
எழுதிவைப்பேன். எண்ணிக்கை ஏட்டின் முதல் பக்கத்தில் இன்றே அதைக் குறித்துவிட்டேன்.