பதிவேட்டைப் பார்க்கக் கேட்டபோது: கல்வி, உதவித்தொகைச் செலவு குறித்த அனுபவப் பகிர்வு

வட மாவட்டம் ஒன்றிலிருந்து, ஒரு தாய்

நம் பிள்ளைகளுக்காக அரசு எவ்வளவு ஒதுக்கியது என்பது செய்தித்தாளிலேயே வந்துவிடுகிறது. அந்தப் பணம் யார் கையெழுத்தில், எந்த நாளில், எதற்காகச் செலவானது என்பதோ நாம் கேட்டால் ஒழிய வெளியே வருவதில்லை. என் மகனுக்கு மூளை முடக்குவாதம். பள்ளியில் அவன் பெயர் இருக்கிறது. ஆனால் நாள்தோறும் தூக்கிச் சென்று உட்கார வைக்க முடியாத நிலை என்பதால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வீட்டுவழிப் பயிற்சியில் சேர்த்திருக்கிறார்கள். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வந்து பயிற்சி தர வேண்டும். சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்க அந்தத் திட்டத்தின் விதிமுறையில் இடமுண்டு. பெண் குழந்தையாக இருந்தால் மாதம் 200 ரூபாய் வீதம் 10 மாதங்களுக்குத் தனியாக ஊக்கத்தொகையும் உண்டு. செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது, 40 விழுக்காடு மாநில அரசுடையது.

இயன்முறை மருத்துவர் வருவது படிப்படியாகக் குறைந்து, ஒரு கட்டத்தில் அறவே நின்றுபோனது. நேரில் கேட்டபோதெல்லாம் "சீக்கிரம் அனுப்புகிறோம் அம்மா" என்றார்கள். பயிற்சி நின்றால் பிள்ளையின் கால் தசைகள் இறுகிவிடும். அதற்குப் பிறகு வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இழந்ததை மீட்டுத் தர முடியாது. அதனால் புகார் எழுதுவதை விட்டுவிட்டு, தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டேன். 'ஏன் வரவில்லை' என்று அதில் கேட்கவில்லை; கையில் இருக்கும் ஆவணத்தைத் தரத்தான் அந்தச் சட்டம் அலுவலரைக் கட்டாயப்படுத்துகிறதே தவிர, விளக்கம் எழுதித் தர அல்ல. வீட்டுவழிப் பயிற்சி வருகைப் பதிவேட்டில் என் மகன் பெயருள்ள பக்கங்களின் நகல் வேண்டும் என்று மட்டும் எழுதினேன். 30 நாள் கெடு கடந்தும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்த பிறகு, நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கடிதம் வந்தது. ஆவணத்தை நேரில் பார்வையிடுவதும் அந்தச் சட்டம் தரும் உரிமைதான். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.

அட்டை பிரிந்து, நூல் தொங்கிக்கொண்டிருந்த நீளமான பேரேடு அது. தேதி, குழந்தையின் பெயர், அளித்த பயிற்சி, பெற்றோர் கையொப்பம் என்று கட்டங்கள். என் மகன் பெயருக்கு நேரே ஒவ்வொரு மாதமும் வருகை குறிக்கப்பட்டிருந்தது. அளித்த பயிற்சி என்ற கட்டத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரே பேனாவில் 'தசைத் தளர்வுப் பயிற்சி'. கையொப்பக் கட்டத்தில் என் பெயர், நான் போடாத சுழிப்பில். அந்த வருகைகளில் ஒன்றின் தேதி ஜனவரி 16, பொங்கல் விடுமுறை நாள்.

அந்தப் பக்கத்தோடு நான் நின்றிருந்தால் பழி முழுவதும் அந்த மருத்துவர் ஒருவரின் தலையில் விழுந்து, கதை முடிந்திருக்கும். பொய்க் கையொப்பம் பொய்க் கையொப்பம்தான். அதை மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்தேன். கூடவே இரண்டாவது மனு ஒன்றும் போட்டேன். எங்கள் வட்டாரத்தில் வீட்டுவழிப் பயிற்சிப் பட்டியலில் எத்தனை குழந்தைகள், அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, பயணப்படி எந்தெந்தத் தேதிகளில் விடுவிக்கப்பட்டது என்று கேட்டேன். ஒரே இயன்முறை மருத்துவர் இரண்டு வட்டாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பயணப்படி பல மாதங்களாக நிலுவை. ஒப்பந்த ஊதியத்தில், சொந்தப் பெட்ரோலில், ஊர் ஊராகப் போக முடியாதவரிடம் பதிவேட்டை மட்டும் நிரப்பச் சொல்லி மேலிருந்து கேட்டிருக்கிறார்கள். பதிவேடு நிரம்பியிருந்தால் திட்டம் நடக்கிறது என்று அடுத்த மேசை நம்புகிறது, அல்லது நம்புவதாக எழுதுகிறது. கீழே கையெழுத்துப் போட்டவரோடு விசாரணை நின்றுவிடும் இந்த வழக்கம்தான் எனக்குப் பெரிய அநீதியாகப் படுகிறது.

இதே திட்டத்தில் 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு விடுவிக்காமல் நிறுத்தியதும், மாநில அரசு 2025 மே மாதம் வட்டியோடு சேர்த்து 2,291 கோடி ரூபாய் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனதும் எல்லோருக்கும் தெரியும். அந்த இழுபறி கடைசியில் வந்து இறங்குவது இப்படிப்பட்ட பிள்ளைகள் மீதுதான். டெல்லியும் சென்னையும் ஒன்றையொன்று கை காட்டுவதை எந்தப் பெற்றோரும் பதிலாக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

இப்போது மருத்துவர் வருகிறார். வரும் நாளில் எங்கள் வீட்டு நோட்டிலும் கையெழுத்திட்டுப் போகிறார். இரண்டாவது பணியிடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதற்காகத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, நீங்கள் சொல்லும் 'பதிவேடு நிரம்பினால் போதும்' என்ற நிலை பள்ளி மானியத்திலும் அப்படியே உண்டு. இதே திட்டத்தில் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிகளுக்கு ஆண்டு மானியம் வருகிறது: 100 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு 25,000, 250 பேர் வரை 50,000, 1,000 பேர் வரை 75,000, அதற்கும் மேல் ஒரு லட்சம் ரூபாய், மிகச் சிறிய பள்ளிகளுக்கு இன்னும் குறைவு. இதில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிகளுக்குப் போக வேண்டும். என் பணிக்காலத்தில் இந்தப் பணம் பெரும்பாலும் நிதியாண்டின் கடைசி வாரங்களில்தான் வரும். மார்ச் 31க்குள் செலவழித்து யூ.சி., அதாவது பயன்பாட்டுச் சான்று, அனுப்பியாக வேண்டும். ஜூன் மாதத்தில் கழிப்பறைக் குழாய் உடைந்தால் பணம் இருக்காது. மார்ச்சில் பணம் வரும்போது கடைக்காரர் பெயரோடு வாய்மொழி அறிவுரையும் சேர்ந்து வரும். நான் ஒவ்வொரு பில்லையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் வாசித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றிய பிறகே காசோலையில் கையெழுத்திட்டேன். அது சிலருக்குப் பிடிக்கவில்லை. பொருளின் விலையைச் சொன்னவுடன், கட்டட வேலைக்குப் போகும் ஒரு தந்தை எழுந்து, அதே குழாய் எங்கள் ஊர்க் கடையில் என்ன விலை என்று சொன்னார். அந்த பில் திரும்பிப் போனது.

அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், அரசு தரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்பதைக் கண்காணிப்பது அதன் பணி என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவே சொல்கிறது. சி.ஏ.ஜி., அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், நடத்தும் தணிக்கை மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த இடங்களைத்தான் பார்க்க முடியும். அந்த அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, பொதுக் கணக்குக் குழுவுக்குப் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டே போயிருப்பார்கள். ஆகவே கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் வருகைப் பதிவில் கையெழுத்திட்டுத் திரும்பிவிடாமல், ரொக்கப் புத்தகத்தையும் இருப்புப் பதிவேட்டையும் மேசை மேல் வைக்கச் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவர்

ஐயா, எங்கள் ஊராட்சியில் நானும் நண்பர்களும் கேட்டது இருப்புப் பதிவேட்டைத்தான். கிராம ஊராட்சி இளைஞர்களுக்காக 2024இல் வழங்கப்பட்ட கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு எங்கே என்று மே 1 கிராம சபையில் எழுத்து மூலம் கேட்டோம். பூட்டிய அறையில், உறை பிரிக்காமல் இருந்தது. பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வாரமே எங்கள் கைக்கு வந்துவிட்டது. மைதானத்துக்கான இடம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

பார்வை மாற்றுத்திறனாளி, தென் மாவட்டம்

அக்கா, வருவாய்த் துறை வழியாக எனக்கு வரும் ஓய்வூதியம் எந்த அறிவிப்பும் இல்லாமல் நின்றது. 2023 ஜனவரி முதல் அது 1,500 ரூபாய்; மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை அதே மாதம் 2,000 ஆக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்கான ஒத்த திட்டத்தைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக எங்களுக்குத் தர வேண்டும் என்கிறது. முதியோர் ஓய்வூதியம் 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. அதில் 25 விழுக்காடு கூட்டிப் பாருங்கள், சரியாக 1,500 வரும். சட்டம் சொன்ன கடைசிப் படியில்தான் அரசு நிற்கிறது. 2024 ஜூலை முதல் ஆந்திரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு 6,000 ரூபாய் தருகிறார்கள். எங்கள் ஓய்வூதியத்தில் 300 ரூபாயை, அதுவும் 80 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுள்ள ஏழைகளுக்கு மட்டும், 2012இலிருந்து உயர்த்தாமல் மத்திய அரசு தந்துகொண்டிருக்கிறது.

என் கோப்பை வாசித்துக் காட்டும்படி கேட்டேன். புலன் குறைபாடு உள்ளவருக்கு ஆவணத்தை அணுக அலுவலரே உதவ வேண்டும் என்று தகவல் சட்டத்தின் 7(4) பிரிவு சொல்வதை எடுத்துக்காட்டியதும் ஒருவர் உட்கார்ந்து வாசித்தார். 'கள ஆய்வில் வீட்டில் இல்லை' என்பதுதான் காரணமாம். அந்த நாளில் நான் பணிப் பயிற்சி வகுப்பில் இருந்தேன். வருகைச் சான்று கொடுத்தேன். நிலுவையோடு திரும்பக் கிடைத்தது. என் தாலுகாவில் இப்படி நிறுத்தப்பட்டவர்களின் பட்டியலைக் கேட்டேன். தனிநபர் விவரம் என்று மறுத்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?

முதலில் எழுதிய தாய்

தம்பி, தகவல் சட்டத்தில் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் தனிநபர் தகவலை மறுப்பது அவர்களுக்கு எளிதாகிவிட்டது. பொதுநலன் மேலோங்கி இருந்தால் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே இருப்பதால், மேல்முறையீட்டில் அதைக் குறிப்பிடுங்கள். அதற்குக் காத்திருக்காமல், பெயரே கேட்காத புது மனு ஒன்றும் போடுங்கள்: மூன்று நிதியாண்டுகளில் தாலுகாவில் நிறுத்தப்பட்ட ஓய்வூதியங்களின் எண்ணிக்கை ஆண்டு வாரியாக, ஒவ்வொரு காரணத்தின் கீழும் எத்தனை, நிறுத்துவதற்கு முன் அறிவிப்பு அனுப்பப்பட்டவை எத்தனை, திரும்ப வழங்கப்பட்டவை எத்தனை. எண்ணிக்கையில் யாருடைய அந்தரங்கமும் இல்லை. பதில் வந்ததும் அதன் நகலைத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடமும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் கொடுங்கள். மனுவை எழுத நான் உதவுகிறேன்.