அப்பா எழுதிய தேர்ப் படுதா: ப்ளாக் லைட்டில் நிரந்தரமாக மாட்டலாமா?

வாகையடி முக்கு

எங்கள் அப்பா திருநெல்வேலி டவுனில் சினிமா பேனர் வரைந்தவர். ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழில் படுத்த பிறகு நாடகக் குழுக்களுக்கும் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் படுதா எழுதிக் கொடுத்தார். அப்படி எழுதியதில் ஒன்று நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம். காடாத் துணியில் வெள்ளை பூசி, மேலே முழுக்க ஃப்ளோரசன்ட் வண்ணம். ப்ளாக் லைட் (கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி தரும் விளக்கு) போட்டால் தேரின் தொம்பைகள் ரோஸ் நிறத்தில் எரியும். வடம் பிடிக்கிறவர்களின் தோளில் மட்டும் மெல்லிசாக ஒரு பச்சைக் கோடு ஓடும். அந்தக் கோட்டை அப்பா ஒரே இழுப்பில் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

அப்பா இப்போது இல்லை. ரத வீதியில் எங்களுக்கு ஒரு சின்ன ஹால் இருக்கிறது. அதில் இதை மாட்டி, தினமும் சாயங்காலம் ஆறு மணி முதல் பத்து மணி வரை ப்ளாக் லைட் போட ஆசை. வெளுத்துவிடும் என்கிறான் தம்பி. புற ஊதாவைத் தடுக்கும் ஷீட்டை முன்னால் போட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார் ஃப்ரேம் கடைக்காரர். படுதாவை மடித்து வைத்திருந்தபோது வெளியே தெரிந்த ஒரு பட்டையில் ரோஸ் ஏற்கெனவே வெளிறிப்போயிருக்கிறது. யார் சொல்வது சரி?

ஜங்ஷன் லைட்

தைரியமாக மாட்டுங்கள் தங்கச்சி. கோயில் கொடை, கல்யாண மேடை, கிறிஸ்துமஸ் குடில் என்று இந்தப் பக்கம் பூராவும் லைட் போடுகிறவன் நான். ப்ளாக் லைட் என்றாலே ஏதோ விஷம் மாதிரி பேசுகிறார்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் நீண்ட அலைப் புற ஊதா மட்டும் சுமார் 50 வாட். நம் ஊர் வெயிலைக் கேட்கவே வேண்டாம். இரண்டு மீட்டர் தள்ளி வைத்த ஒரு ப்ளாக் லைட் ட்யூப் அதில் ஒரு சின்னப் பங்குகூடக் கொடுக்காது. உங்கள் படுதாவில் அந்தப் பட்டையை வெளுக்க வைத்தது ஜன்னல் வெளிச்சம்தான், ப்ளாக் லைட் இல்லை. ஹாலில் நான் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டர் வைத்துக் காட்டுகிறேன், ஒன்று இரண்டுக்கு மேல் ஏறாது. மியூசியங்களில் மென்மையான ஓவியங்களுக்கே 50 லக்ஸ் வரை விடுகிறார்கள்.

சேரை வேதியியல்

அண்ணாச்சி, லக்ஸ் மீட்டரை இதற்குக் கொண்டு வராதீர்கள். மனிதக் கண் எந்த ஒளியை எவ்வளவு பார்க்கிறதோ, அந்தக் கணக்கில்தான் அது அளக்கும். புற ஊதாவைக் கண் பார்க்காது, அதனால் மீட்டரும் எண்ணாது. படுதா எண்ணும். மியூசியம் சொல்லும் 50 லக்ஸும் சாதாரண வெளிச்சத்துக்கான அளவு. அதில் புற ஊதா எவ்வளவு கலந்திருக்கலாம் என்பதற்கு அவர்கள் தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

வண்ணம் எப்படி எரிகிறது என்பதைப் பார்த்தால் வாகையடி அக்கா கேட்டதற்குப் பதில் கிடைத்துவிடும். ஃப்ளோரசன்ட் வண்ணம் என்பது பெரும்பாலும் பிசினில் கரைத்துப் பொடியாக்கிய சாயம். ரோஸில் இருப்பது அனேகமாக ரோடமின் குடும்பம். 2024இல் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததே, அதற்குக் காரணமான ரோடமின்-பி இந்தக் குடும்பம்தான். சாய மூலக்கூறு ஒளித்துகள் ஒன்றை விழுங்கிக் கிளர்ந்து நிற்கிறது. பெரும்பாலும் அந்த ஆற்றலை வேறு நிறத்து ஒளியாக உமிழ்ந்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எப்போதாவது ஒரு தடவை, கிளர்ந்து நிற்கும் அந்த நேரத்தில் ஆக்சிஜனோடு வினை புரிந்து உடைந்துவிடும். உடைந்தது மறுபடி எரியாது. எரிவதும் அழிவதும் ஒரே ஒளியால் நடக்கிறது என்பதால் ஒன்றை விட்டு இன்னொன்றை மட்டும் தடுக்க வழியே இல்லை.

ஃப்ரேம் கடைக்காரர் சொல்லும் ஷீட்டும் இங்கேதான் தோற்கிறது. புற ஊதாவைத் தடுத்தால் படுதாவுக்கு ப்ளாக் லைட் போய்ச் சேராது, தேர் இருட்டில் நிற்கும். தடுக்கும் வார்னிஷுக்கும் இதே கதிதான். தூசிக்காக ஏதாவது போட வேண்டும் என்றால் சாதா ஜன்னல் கண்ணாடி போதும், ப்ளாக் லைட்டின் 365 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். பாலிகார்பனேட் ப்ளாஸ்டிக் வேண்டாம், அதுவும் புற ஊதாவைத் தடுத்துவிடும்.

ஜங்ஷன் லைட்

சரி சார், புற ஊதாவே வேண்டாம். மேடையில் போடுகிற நீல எல்இடி இருக்கிறது, 450 நானோமீட்டர். ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் அதிலும் நன்றாகவே எரியும். அதற்கு என்ன சொல்வீர்கள்?

சேரை வேதியியல்

எரிகிறது என்றால் சாயம் அந்த நீலத்தை விழுங்குகிறது என்றுதானே அர்த்தம்? விழுங்கிய கணக்கில்தான் வெளுப்பும் வரும். ஒரு துகளுக்கு ஆற்றல் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் லாபம். நீல வெளிச்சம் கண்ணுக்கும் தெரிவதால் ஹாலே நீலமாகிப் படத்தின் கறுப்புப் பின்னணி கெட்டுப்போகும். படத்தில் நீல வண்ணம் இருந்தால் அது எரியவும் எரியாது.

வெயில் கணக்கு ஒன்று சொன்னீர்களே, அது சரிதான். ஆனால் அந்தப் பட்டையில் என்றைக்கோ கொஞ்ச நேரம் பட்ட வெயிலை, வருஷம் முழுக்கத் தினமும் நாலு மணி நேரம் எரியும் ட்யூபோடு ஒப்பிட வேண்டும். ஒளியின் அளவு, எரியும் நேரம் இரண்டையும் பெருக்கி வருவதுதான் சேதம். பாதி வெளிச்சத்தில் இரண்டு மடங்கு நேரம் காட்டினாலும் சேதம் ஏறக்குறைய அதேதான்.

முக்கூடல் தூரிகை

நான் வரைகிறவன், வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். இந்த வண்ணத்தை எதற்காகக் கண்டுபிடித்தார்கள்? 1930களில் அமெரிக்காவில் ஸ்விட்சர் என்ற அண்ணன் தம்பி இரண்டு பேர் இதில் இறங்கினார்கள். அதில் தம்பி மேஜிக் காட்டுகிறவர். இருட்டு மேடையில் வித்தை காட்டத்தான் ஆரம்பத்தில் இது பயன்பட்டது, பிறகு விளம்பரப் பலகைக்குப் போனது. ஒரு சீசனுக்கான வண்ணம் இது. அக்காவின் அப்பாவும் மேடைக்குத்தான் எழுதினார். அதை இருட்டில் சுருட்டி வைத்தால் அவர் வேலை யாருக்குத் தெரியும்? எரியட்டும், வெளுக்கட்டும், வெளுத்த இடத்தில் நான் வண்ணம் ஏற்றித் தருகிறேன். கும்பாபிஷேகம் வரும்போது கோபுர பொம்மைகளுக்குப் புது வண்ணம் பூசுவதில்லையா?

சேரை வேதியியல்

தம்பி, உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஏறிப் பாருங்கள். ஐந்து நிலையிலும் சுவர் ஓவியங்கள் இருக்கின்றன. வெயில் படாத உட்புறம், மங்காத மண் வண்ணங்கள், அதனால் நூற்றாண்டுகள் தாண்டி நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்து கிடந்ததை 1931இல்தான் எஸ்.கே. கோவிந்தசாமி வெளியே கொண்டு வந்தார். மேலே பூசியவர்களும் நல்ல எண்ணத்தோடுதான் பூசியிருப்பார்கள். மேல் பூச்சு என்றாலே எனக்குப் பயம். அந்தப் பச்சைக் கோட்டை அவர் ஒரே இழுப்பில் போட்டார் என்று அக்கா எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அதன் மேல் போட்டால் அது உங்கள் கோடு.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரஞ்சு, சிவப்பு மாதிரி வண்ணங்களில் இரண்டு சாயம் கலந்திருக்கும். ஒன்று சீக்கிரம் போகும், இன்னொன்று நிற்கும். அதனால் வெளுப்பதோடு நிறமே மாறிவிடும். புது வண்ணம் ஒட்டுப் போட்ட மாதிரி தனியாகத் தெரியும்.

பாபநாசம் ரோடு

இடையில் ஒரு யோசனை. எங்கள் வீட்டுத் தண்ணீர் ஃபில்டரில் ஒரு யுவி ட்யூப் இருக்கிறது. மாற்றும்போது பழையதைச் சும்மாதான் தூக்கிப் போடுகிறோம். அதை வைத்துக்கொண்டால் செலவு மிச்சம்தானே?

சேரை வேதியியல்

தயவுசெய்து வேண்டாம். அது 254 நானோமீட்டர், கிருமி கொல்லும் குட்டை அலை. வெளியே எடுத்து எரியவிட்டால் கண் சிவந்து மணல் விழுந்த மாதிரி உறுத்தும், தோல் பொசுங்கும். ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

ஜங்ஷன் லைட்

இதில் சாரும் நானும் ஒரே கட்சி. பூச்சி கொல்லும் மெஷினில் இருக்கிற நீல ட்யூபும் உதவாது, வெளிச்சம் நிறையக் கசியும். துணிக்கடையில் நோட்டு பார்க்க வைத்திருக்கும் விளக்கு படுதா அளவுக்குக் காணாது. கறுப்புக் கண்ணாடி உடம்புள்ள ட்யூபாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 365 எல்இடி. மலிவாகக் கிடைப்பதெல்லாம் 395. அதில் ஊதா வெளிச்சம் படம் முழுக்கப் படர்ந்து ரோஸை அமுக்கிவிடும்.

ஆனால் சார், எல்லாவற்றுக்கும் ‘காட்டாதே’ என்பதுதான் உங்கள் மருந்து. மாட்டுவதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

சேரை வேதியியல்

காட்டாதே என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஒளியைச் செலவு செய்கிறோம் என்று தெரிந்து செலவு செய்யுங்கள் என்கிறேன். வழி படுதாவில் இல்லை, ஹாலில் இருக்கிறது.

ஹாலை நல்ல இருட்டாக்குங்கள். ரத வீதி என்றால் கடை விளக்கும் பைக் விளக்கும் உள்ளே அடிக்கும். வாசலில் கனமான கறுப்புத் திரை ஒன்று, நாலடி தள்ளி இன்னொன்று. சுவருக்கு மினுமினுக்காத கறுப்பு. வருகிறவர்களை அந்த இரண்டு திரைக்கு நடுவில், இல்லை உள்ளே ஒரு பெஞ்சில், ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். கண் இருட்டுக்குப் பழகிவிட்டால் மேடைக்குப் போடுகிற வெளிச்சத்தில் கால்வாசியே தாராளம். அங்கேயே சேதம் கால்வாசியாகிவிட்டது. தெருவிலிருந்து நேரே நுழைந்து பார்க்கிறவருக்குத்தான் இரண்டு மூன்று ட்யூப் தேவைப்படுகிறது. வெள்ளை வேட்டி சட்டையும் ப்ளாக் லைட்டில் பளீரென்று எரியும், அதனால் பெஞ்சு படுதாவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அப்புறம் சுவிட்ச். மாடிப்படி விளக்குக்குப் போடுகிற டைமர் பட்டன் போதும். அமுக்கினால் மூன்று நிமிடம் எரிந்து தானாக அணையட்டும். ஆள் இல்லாத நேரத்தில் எரியும் விளக்கு யாருக்காக? அடிக்கடி அணைத்துப் போட்டால் ட்யூப் சீக்கிரம் போய்விடும், அதனால் இதற்கு எல்இடிதான் சரி. பகலில் படுதா மேல் கறுப்புத் திரை இறங்கியிருக்கட்டும். சாதா ட்யூப் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும்கூட இந்தச் சாயத்தைத் தின்னும். கூட்டிப் பெருக்கப் போட்ட லைட்டை அணைக்க மறந்துவிடுவது நம் ஊர் வழக்கம்.

முக்கூடல் தூரிகை

மூன்று நிமிடத்தில் ஒரு தேரைப் பார்க்க முடியாது சார். கண் சக்கரத்தில் தொடங்கி, வடம் பிடிக்கிறவர்கள், தொம்பை, கலசம் என்று ஏற வேண்டும். சரி, மேலே பூச மாட்டேன். ஆனால் பக்கத்தில் வைத்து அதே அளவில் இன்னொன்று எழுதித் தருகிறேன். மூலவர் கருவறையில் இருக்கட்டும், உற்சவர் வீதிக்கு வரட்டும். பிரதி தினமும் எரியட்டும், வெளுத்தால் இன்னொன்று எழுதிக்கொள்ளலாம். ஃபோட்டோ பிரிண்ட் போடலாமே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். சாதா பிரிண்ட் மையில் இந்த வண்ணம் வரவே வராது.

ஜங்ஷன் லைட்

பிரதியைப் பார்க்கவா ஆள் வருவார்கள்? டவுனில் அந்த அண்ணாச்சியின் பேனரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இருக்கிறது. அவர்களுக்கு அவர் கை வேண்டும். தேரோட்டம் அன்றைக்காவது அசலைச் சாயங்காலம் முழுக்க எரியவிடுங்கள். அன்றைக்கு டைமர் பட்டனும் சரிப்படாது. வரிசையில் வருகிறவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் அமுக்கிக்கொண்டே இருப்பார்கள், விளக்கு அணையவே அணையாது.

சேரை வேதியியல்

பட்டன் பற்றி அண்ணாச்சி சொன்னது உண்மை. அதனால்தான் கூட்டம் வரும் அன்றைக்கு பிரதியை வையுங்கள் என்பேன். பெஞ்சில் உட்கார்ந்து கண் பழக யாருக்கு அன்றைக்குப் பொறுமை இருக்கும்? முழு வெளிச்சம் கேட்பார்கள். அசலைப் பார்க்க வேண்டியவர்களுக்குத் தேர் நிலைக்கு வந்த பிறகு நாள் இருக்கிறது. அவர்களுக்கு மூன்று நிமிடத்தை ஐந்தாக்கினாலும் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

அசலை வைக்கும்போது பக்கத்தில் ஒரு சோதனைப் பட்டையும் வையுங்கள். அட்டையில் வெள்ளை பூசி, ரோஸ், ஆரஞ்சு, மஞ்சள், பச்சை நாலையும் தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, அதே விளக்கின் கீழ் மாட்டுங்கள். மாதம் ஒரு தடவை தாளை விலக்கிப் பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் தெரியத் தொடங்கினால் அசலை இறக்கிவிட வேண்டும். நானும் அண்ணாச்சியும் இங்கே எவ்வளவு வாதாடினாலும் அந்த அட்டை சொல்வதுதான் உங்கள் ஹாலுக்கான கணக்கு. இறக்கி வைக்கும்போது மடிக்காதீர்கள், மடிப்பில் போஸ்டர் கலர் உதிரும். அகலமான பிவிசி குழாயில் வண்ணம் வெளிப்புறமாக வரும்படி சுருட்டி, கறுப்புத் துணி சுற்றுங்கள்.

ஜங்ஷன் லைட்

தேர் அன்றைக்கு அசல் வேண்டும் என்பதில் நான் மாற மாட்டேன் சார். மற்றபடி 365 எல்இடி, டைமர், வாசல் திரைக் கம்பி எல்லாம் நானே வந்து போட்டுத் தருகிறேன் தங்கச்சி, கூலி வேண்டாம். உங்கள் அப்பா எழுதிய பேனருக்கு விளக்குக் கட்டித்தான் நான் தொழில் பழகினேன்.

வாகையடி முக்கு

அண்ணாச்சி, தேர் அன்றைக்கு பிரதிதான். வருத்தப்படாதீர்கள். மறுநாள் பெஞ்சில் முதல் ஆளாக நீங்கள் உட்காருங்கள்.

முக்கூடல் தம்பி, பிரதி எழுத நீங்கள் வரலாம். ஆனால் அசலை ப்ளாக் லைட்டில் வைத்து எழுத வேண்டாம். மங்கலான வெளிச்சத்தில் டிரேசிங் எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணம் ஒத்துப் பார்க்க மட்டும் விளக்கைப் போட்டு உடனே அணைத்துவிடலாம். வெளிறிய பட்டையைப் பிரதியில் வெளிறியதாகவே எழுத வேண்டாம், அப்பா முதலில் போட்ட ரோஸிலேயே எழுதுங்கள். அந்த இடத்தில் மடிப்புக்குள் மறைந்திருந்த பகுதி இன்னும் புதுசாகவே இருக்கிறது, அதைப் பார்த்து ஒத்துக்கொள்ளலாம். சார், சோதனைப் பட்டைக்கு அப்பாவின் பழைய டப்பாக்களில் மிச்சம் இருக்கும் வண்ணத்தையே எடுக்கலாமா, இல்லை புதிதாக வாங்க வேண்டுமா?

சேரை வேதியியல்

பழைய டப்பாவையே எடுங்கள். படுதாவில் இருப்பது அந்த வண்ணம்தானே. மூடி திறக்காவிட்டால் வெந்நீரில் கொஞ்ச நேரம் வையுங்கள். காய்ந்து கட்டியாகியிருந்தால் தண்ணீர் விட்டு அரைத்துப் பாருங்கள். பிரதிக்கு மட்டும் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்.