இதயம் பலவீனமான அப்பாவுக்கு வீட்டிலேயே உடற்பயிற்சி: வழிகாட்ட ஆள் தேவை

எங்களுக்கு வலங்கைமான் பக்கம் கிராமம். அப்பாவுக்கு 66 வயது, விவசாயி. மார்ச்சில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கடைசி எக்கோ ஸ்கேனில் இஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தன்னிடமுள்ள இரத்தத்தில் எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்ற அளவு) 32 சதவீதம். "மெதுவாக நடங்க" என்றதோடு அனுப்பிவிட்டார்கள். எவ்வளவு நடப்பது, எப்போது கூட்டுவது என்று ஒருவரும் சொல்லவில்லை.

முதலில் வரப்பில் நடந்தார். மேடு பள்ளத்தில் இரண்டு முறை தடுமாறியதால் நிறுத்திவிட்டோம். இப்போது விடியற்காலையில் தெருவில் 8 நிமிடம், சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 5 தடவை. அதற்கு மேல் போனால் மூச்சு வாங்குகிறது. மெட்டோபிரலால் என்ற இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுவதால் நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது, அதை வைத்து அளவு பார்க்க முடியவில்லை. நடக்கும்போது பேச முடிகிறதா என்றுதான் பார்க்கிறேன். உடம்பில் நீர் சேர்கிறதா என்று பார்க்கத் தினமும் காலையில் எடை குறிக்கிறோம், 58 கிலோவில் நிற்கிறது. கால் வீக்கம் இல்லை, நெஞ்சுவலியும் இல்லை.

கும்பகோணத்தில் ஒரு பிசியோதெரபி மையத்துக்கு மூன்று நாள் போனோம். அங்கே மூட்டுவலிக்கான பயிற்சிதான் தெரிந்தது. பஸ்ஸில் போய் வருவதற்குள்ளேயே அப்பா சோர்ந்துவிடுகிறார். அப்புறம் மருத்துவரிடம் கேட்டதில், ஆள் கிடைத்தால் வீட்டிலேயே செய்யலாம் என்று சம்மதித்தார். குறுவை நடவுக்கு அப்பா வயலில் இறங்க வேண்டாம், வரப்பு வரை தானே நடந்து வந்தால் போதும் எனக்கு.

கும்பகோணம், தஞ்சாவூர், மன்னார்குடி பகுதியில், இதய நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பழகிய, வீட்டுக்கு வரக்கூடிய அல்லது வீடியோ காலில் பார்த்துச் சொல்லக்கூடிய பிசியோதெரபிஸ்ட் யாரையாவது தெரியுமா?