மூன்றாம் பாகத்தில் கதாபாத்திரங்கள் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள், எப்படிச் சேர்ப்பது?

ஐந்து பாக மாயாஜாலத் தொடர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி வடக்கே பனிக்கோட்டையில், தம்பி கப்பலில், மந்திரவாதிக் கிழவர் தலைநகரச் சிறையில். கடல் பயணம் மூன்று மாதம், சிறைக் கதையோ ஒரே வாரத்தில் முடிந்துவிடும், அத்தியாயங்களை மாற்றி மாற்றி வைத்தால் எது முன்னால் நடந்தது என்று யாருக்கும் புரியாது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவல் தொடரை எழுதும் ஜார்ஜ் மார்ட்டின் அதில் 2005லும் 2011லும் வந்த பாகங்களில் செய்ததுபோல் இடவாரியாகப் பிரிக்கலாம்தான், ஆனால் ஒரு பாகம் முழுக்கக் கிழவர் வராவிட்டால் வாசகர்கள் கோபப்படுவார்கள் (எல்லாருக்கும் அவரைத்தான் பிடிக்கிறது, ஏனோ!). காலவரிசையை எக்செல்லில் வைத்திருக்கிறேன், அது எனக்கு உதவும், வாசகருக்கு எப்படி?

நீண்ட தொடர் எழுதியவர்கள் சொல்லுங்கள்: அத்தியாயத் தலைப்பில் நாளைக் குறிப்பிட்டால் போதுமா, இல்லை கடல் பயணத்தையே வெட்டிவிடலாமா? அப்புறம், ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாக ஒரு முடிவு கட்டாயம் வேண்டுமா?