பைதன்: பூல் ஓடி முடிந்த பிறகும் மொத்தம் 0, நேரமும் கூடுகிறது

கல்லடி மாணவன்:
வணக்கம் அண்ணாமார், அக்காமார். உன்னிச்சைக் குளத்தின் கீழுள்ள வயல்களுக்குப் பெரும்போகத்தில் எவ்வளவு நீர் தேவை என்று கணக்கிடும் புரோகிராம் எழுதுகிறேன். ‘நீர்க்கணக்கு’ என்று ஒரே கிளாஸ். 200 எம்பி மழைத்தரவு, 300 வயல்கள், கூட்டிய மொத்த நீர், எல்லாம் அதற்குள்தான். வயலைக் கணக்கிடும் மெதட்டை மல்ட்டிபுரொசசிங் பூலில் (வேலையைத் தனித்தனியாக ஓடும் பல புரொசஸுக்குப் பங்கிடுவது) 4 புரொசஸுக்குக் கொடுத்தேன். சாதாரண லூப் 40 செக்கன், இது 65. முடிவில் மொத்தம் 0, எரரும் இல்லை. ஒரே புரொசஸுக்குள் ஓடும் த்ரெட்டுக்கு மாற்றினால் மொத்தம் வருகிறது, நேரம் குறையவில்லை. நாலு நாளாக இதோடுதான் இருக்கிறேன்.

கல்முனை அக்கா:
தம்பி, நாலு வட்டவிதானைமாருக்கு (வயல்களுக்கு நீர் பங்கிடுபவர்கள்) உங்கள் கணக்குக் கொப்பியைப் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அவரவர் தன் பிரதியில் எழுதுகிறார், உங்கள் கொப்பி வெறுமையாகவே இருக்கிறது. ஒவ்வொரு புரொசஸுக்கும் நினைவகம் தனி. அதனால்தான் 0.

நேரம் போவதும் அதே பிரதியால்தான். மெதட்டை அனுப்பினால் அதன் ஒப்ஜெக்ட் முழுவதும் பிக்கிள் ஆகி (அனுப்பக்கூடிய பைட்டுகளாக மாறி) கூடவே போகும். 300 வயலையும் பூலின் மேப் தானாக 16 கட்டாகப் பிரிக்கும். கட்டுக்கு 200 எம்பி என்றால் 3,200 எம்பி!

கிளாஸைப் பிரியுங்கள். ‘மழைத்தரவு’ வாசிக்க மட்டும். ‘வயல்’ சின்ன ஒப்ஜெக்ட், அதை மட்டும் அனுப்புங்கள். கணக்கிடும் ஃபங்ஷன் எதையும் மாற்றாமல் விடையைத் திருப்பித் தரட்டும், கூட்டுவது தாய்ப் புரொசஸின் வேலை. மழைத்தரவை ஒவ்வொரு புரொசஸும் தொடங்கும்போது ஒருமுறை இனிஷியலைசரில் (தொடக்கத்தில் ஓடும் ஃபங்ஷனில்) திறக்கட்டும்.

அக்கரைப்பற்று வாசகர்:
த்ரெட்டில் வந்த மொத்தத்தையும் நம்ப வேண்டாம். கூட்டி எழுதுவது ஒரே படியல்ல: வாசி, கூட்டு, எழுது. இடையில் இன்னொரு த்ரெட் புகுந்தால் ஒரு வயலின் நீர் கணக்கில் வராது, ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் லொக் வேண்டும். நேரம் குறையாததற்குக் காரணம் ஜிஐஎல் என்ற பைதனின் பொதுப் பூட்டு. வழக்கமான பைதனில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைதன் கட்டளைகளை ஓட்டும்.

விண்டோஸ் என்றால் பூல் தொடங்கும் வரியை மெயின் சோதனைக்குள் (if __name__ == "__main__":) வையுங்கள்.

கல்லடி மாணவன்:
அக்கா, 14 செக்கன்! மொத்தமும் வந்துவிட்டது, மிக்க நன்றி. ஆனால் ஓட்டும் ஒவ்வொரு முறையும் கடைசித் தசமங்கள் மாறுகின்றன. பூலின் ஐமேப் அன்ஓர்டர்ட் (imap_unordered) பாவிக்கிறேன்.

கல்முனை அக்கா:
அது முடிந்த வரிசையில் விடை தரும். தசம எண்களைக் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்களும் மாறும். சாதாரண மேப் போடுங்கள், வயல்களின் வரிசையிலேயே வரும்.